வருகைப் பதிவேடும் மாணவர் தேர்ச்சியும்

பள்ளிக்கூடங்களில் காலையில் முதலில் திறக்கப்படுவது பாடநூல் அன்று, வருகைப் பதிவேடே. ஆசிரியர் பெயரைக் கூப்பிட, "உள்ளேன் ஐயா" என்ற விடை வந்த பின்னரே அன்றைய பாடம் தொடங்குகிறது. ஆனால், கல்லூரியில் பயிலும் வயது வந்த மாணவனையும் இவ்வாறு எண்ணிப் பார்த்தல் வேண்டுமா? வராதவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கலாமா? அமெரிக்க நாட்டின் சமுதாயக் கல்லூரிகளில் இது நெடுங்காலமாகத் தீராத வழக்கு. ஏழை மாணவர் பட்டம் பெறுவதும் பாதியில் நிற்பதும் இதனோடு பிணைந்து கிடப்பதால், வெறும் ஒழுங்குமுறைப் பேச்சாக இதனை ஒதுக்கிவிட இயலாது.

சமுதாயக் கல்லூரி என்பது பெரும்பாலும் ஈராண்டுக் கல்லூரி. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரியே அரசு சார்ந்த இவ்வகைக் கல்லூரிகளுள் மூத்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, 1947இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பரப்புமாறு பரிந்துரைத்தது. இன்று ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் உள்ளன. உயர்நிலைப் பள்ளியை முடித்த எவருக்கும் இங்கு இடம் உண்டு. மாணவர் மூவரில் இருவர் பகுதிநேரம் பயில்பவர்கள். பகலில் கடையிலோ கிடங்கிலோ உழைத்துவிட்டு மாலை வகுப்புக்கு வருபவர்கள், கைக்குழந்தையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஓடிவரும் தாய்மார்கள் ஆகியோரின் பெயர்களே அங்குள்ள பதிவேட்டில் மிகுதி.

பணத்தின் கணக்கு

வருகை விதியைப் பல கல்லூரிகள் ஆசிரியரிடமே விட்டுவிடுகின்றன. இத்தனை நாள் வராவிட்டால் மதிப்பெண் குறையும், அதற்கும் மேற்பட்டால் பெயர் நீக்கப்படும் என்று அவர் பருவத் தொடக்கத்தில் எழுதிக் கொடுக்கிறார். பதிவேட்டின் பின்னால் ஒரு பணக் கணக்கும் இருப்பதை வெளியார் பலர் அறியார். கலிபோர்னியா மாநிலத்தில் வழக்கமான பருவ வகுப்புகளுக்கு, பருவத்தில் ஐந்தில் ஒரு பகுதி கழியும் நாளில் மாணவர் தலை எண்ணப்படுகிறது. வராத பெயர்களை அதற்கு முன்னரே ஆசிரியர் நீக்கியாக வேண்டும். அரசு மானியக் கணக்கிற்கு அந்த எண்ணிக்கை அடிப்படை.

மாணவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. நடுவண் அரசின் உதவிப் பணம் பெறுபவன், பருவத்தில் நூற்றுக்கு 60 பங்கைக் கடந்துவிட்டால் அப்பணம் முழுவதும் அவனுக்கு உரியது. அதற்கு முன் நின்றுவிட்டால், நின்ற நாள் வரைக்குமான பங்கே உரியது. ஆயிரம் வெள்ளி பெற்றவன் நூற்றுக்கு 30 பங்கில் நின்றானெனில் முந்நூறுதான் அவனுடையது. எஞ்சியதில் ஒரு பகுதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிச் செலுத்திவிட்டு, அந்தத் தொகையை மாணவன் பெயரில் கடனாக எழுதிக்கொள்வதும் உண்டு. அக்கடன் தீராமல் அடுத்த பருவத்தில் சேர முடியாமற் போனவர்களும் உளர். சொல்லாமல் நின்றுவிட்ட மாணவன் கடைசியாக எந்நாள் வகுப்பில் இருந்தான் என்பதைப் பதிவேடே காட்ட வேண்டியிருக்கிறது.

ஆய்வாளர் கண்டது

வருகை கல்விக்கு உதவுகிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. பொருளியல் அறிஞர் டேவிட் ரோமர் 1993இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பேர்பெற்றது. அவர் பார்த்த பல்கலைக்கழக வகுப்புகளில் எந்நாளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இல்லை! தவறாமல் வந்தவர்கள் தெளிவாக உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தனர். வருகையைக் கட்டாயமாக்கிச் சோதித்துப் பார்க்கலாம் என்று அவர் எழுதவே, எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. 2010இல் மார்க்கஸ் கிரெடே முதலியோர் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்து, கல்லூரி மதிப்பெண்ணை முன்னறிவிப்பதில் நுழைவுத் தேர்வைக் காட்டிலும் வருகையே வலியது என்றனர். ஆயினும், கட்டாய விதியால் விளைந்த பயன் சிறிதே என்பதும் அவர்களது முடிபு.

வருவதால் தேறுகிறானா, தேறக்கூடியவன்தான் வருகிறானா? இம்முடிச்சை அவிழ்க்கக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் ஒரு நல்ல வழி கண்டனர். பருவ இடைத்தேர்வில் நடு மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தவர்களுக்கு மட்டும் வருகை கட்டாயம். மேலே இருந்தவர்களுக்கு விருப்பம். கோட்டுக்குச் சற்றே கீழே இருப்பவனும் சற்றே மேலே இருப்பவனும் திறமையில் ஏறக்குறைய ஒருவரே அன்றோ? அவ்விருவரையும் ஒப்பிட்டபோது, கட்டாயத்தால் வந்தவர்கள் இறுதித் தேர்வில் முன்னேறியிருந்தனர். இம்முடிவு 2010இல் வெளிவந்தது. ஆனால், நெதர்லாந்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. முதலாண்டில் குறைந்த சராசரி பெற்றவர்களை அடுத்த ஆண்டு முழுவதும் கட்டாய வருகையில் வைத்தபோது, கோட்டை ஒட்டி நின்ற மாணவரின் மதிப்பெண் குறைந்ததாம். தமக்கு ஏற்ற முறையில் படிக்கும் நேரம் பறிபோனதை ஒரு காரணமாக எண்ணலாம்.

இவை யாவும் பல்கலைக்கழகங்களில் கண்டவை. விடுதியில் உறங்கிவிட்டு வகுப்பைத் தவறவிட்டவனுக்கும், வேலை முறை மாறியதால் பேருந்தைத் தவறவிட்டவளுக்கும் பதிவேட்டில் ஒரே குறிதான். முன்னவனை விதி எழுப்பிவிடலாம். பின்னவளை அது வெளியே தள்ளிவிடும். இவ்வேறுபாட்டைச் சட்டமும் ஓரிடத்தில் உணர்ந்திருக்கிறது. கருவுற்ற மாணவி மருத்துவர் தேவையெனக் கூறும் காலம் வராதிருந்தால், அவ்விடுப்பை ஏற்று முந்தைய நிலையிலேயே அவளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது, ஆண் பெண் வேற்றுமையை விலக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதி. ஆசிரியர் எழுதிக் கொடுத்த தாள் அதனை மீற இயலாது.

பேருந்துச் சீட்டு

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகள் 2007இல் ஒரு திட்டம் தொடங்கின. முழுநேரம் பயில வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும் என்பவை மாணவர் கடமை. கட்டணக் குறைவு, பாடநூற் செலவு, பேருந்திலும் நிலத்தடி இரயிலிலும் செல்வதற்கான இலவச அட்டை ஆகியவை கல்லூரி தருவன. குலுக்கல் முறையில் மாணவரை இரு கூறாக்கிச் சோதித்ததில், மூன்றாண்டில் பட்டம் பெற்றவர் திட்டத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 40 பேர். இல்லாதோருள் 22 பேர். கட்டாயம் இங்கும் இருந்தது என்பதை மறத்தலாகாது. ஆலோசகரைச் சந்தித்தவருக்கே பயண அட்டை. ஆனால், அங்கே "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார்; கேட்டபின் கொடுக்க அவர் கையில் ஏதோ ஒன்றும் இருந்தது.

பின்னர் ஒகாயோ மாநிலத்து மூன்று கல்லூரிகள் இதனைப் பின்பற்றின. அங்கு மாணவர் பலர் சொந்த வண்டியில் வருபவர்கள். ஆகவே, பயண அட்டைக்கு மாறாக, பெட்ரோலோ மளிகையோ வாங்கிக்கொள்ள மாதம் 50 வெள்ளிக்கு ஓர் அட்டை கொடுத்தனர். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர் அங்கே நூற்றுக்கு 35 பேர். திட்டத்தில் சேராதவருள் 19 பேர்.