வரைபடத்தில் தெரியும் ஆலய வரலாறு

பெட்டாலிங் ஜெயாவில் இன்று வாகனங்கள் விரையும் சாலைகளெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலமாகும். கோலாலம்பூரின் மக்கள் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் இந்நகர் அமைக்கப்பட்டது. 2006 ஜூன் 20ஆம் நாள் மாநகர் எனும் தகுதியையும் எய்தியது.

மறைந்த அந்நிலத்தை மீண்டும் காண இன்று கணினி துணைபுரிகிறது. பழைய நில அளவை வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, இருப்புப்பாதை, சாலைச் சந்திப்பு முதலிய இடம் மாறாத அடையாளங்களைத் துணைக்கோளப் படத்துடன் பொருத்தினால், பழைய ஊரும் புதிய ஊரும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும்.

இதனால் ஆலயங்களுக்கு விளையும் நன்மை பெரிது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873இல் தோன்றி, 1885இல் இன்றைய இடத்திற்கு மாறியது. எழுத்தில் பதிந்தமையால் அவ்வரலாறு நிலைத்தது. தோட்டப் பாட்டாளிகள் எழுப்பிய சிற்றாலயங்கள் பலவற்றிற்கோ நிலப்பட்டா இல்லை. தோட்டம் வீடமைப்புப் பகுதியான பின், ஆலயம் முந்தியதா, வீடு முந்தியதா என்னும் வினா எழும்போது சான்று தேட வேண்டியுள்ளது.

வரைபடம் பட்டாவுக்கு ஈடாகாது. ஆயினும் ஆலயம் அதில் குறிக்கப்பட்டிருப்பின் தக்க சான்றாக நிற்கும். குறிக்கப்படாதவற்றை நினைவில் வைத்திருப்போர் முதியோரே. ஆகவே, திருவிழாவுக்கு வரும் பெரியோரிடம் பழைய புகைப்படங்களையும், தேர் சென்ற வழியையும், கிணறு இருந்த இடத்தையும் நிர்வாகத்தினர் கேட்டறிந்து, ஆண்டுடன் வரைபடத்தில் பதித்தல் வேண்டும். இதுவும் திருப்பணியே. காலம் தாழ்த்தாது இது நிறைவேற அம்பிகை அருள்புரிவாளாக!