உங்களுக்குத் தெரியுமா? பாஸ்டன் பாலத்தில் வைக்கிங் கப்பல்!

ரிக் ரியோர்டன் எழுதி 2015-இல் வெளிவந்த ‘தி ஸ்வோர்டு ஆஃப் சம்மர்’ நாவலின் நாயகன் மேக்னஸ் சேஸ். வீடின்றி பாஸ்டன் தெருக்களில் அலையும் 16 வயதுப் பையன். லாங்ஃபெல்லோ பாலத்தில் நெருப்பு அரக்கன் சுர்ட்டுடன் மோதி உயிரை விடுகிறான். கண் விழிப்பதோ, மாண்ட வீரர்கள் தங்கும் ‘ஹோட்டல் வல்ஹல்லா’வில்!

• அந்தப் பாலம் கற்பனையல்ல. சார்லஸ் ஆற்றின் மேல் 1906-இல் திறக்கப்பட்டது. அதன் கல்தூண்களில் வைக்கிங் கப்பலின் முகப்பு செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

• காரணம், வைக்கிங் கடலோடி லீஃப் எரிக்சன் இந்த ஆற்றுக்கு வந்தார் என்ற 19-ஆம் நூற்றாண்டு நம்பிக்கை. பேக்கிங் பவுடர் தயாரிப்பில் பெயர்பெற்ற வேதியியலாளர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு இதை ஊரெங்கும் பரப்பினார். 1887-இல் லீஃபுக்குச் சிலையும் எழுந்தது. ஆனால், தொல்லியல் சான்று ஏதும் கிடைக்கவில்லை.

• நாவலின் தலைப்பில் வரும் மந்திர வாள், வைக்கிங்குகளின் நார்ஸ் புராணத்தில் ஃப்ரே தெய்வத்துக்கு உரியது. கெர்ட் என்ற அரக்கர் குலப் பெண் மீதுள்ள காதலால் அவர் அதைக் கைவிட்டார். அதனால்தான் ரக்னராக் எனும் இறுதிப் போரில் அந்த வாளின்றி சுர்ட்டிடம் வீழ்வார் என்கிறது புராணம்.

• மேக்னஸின் உற்ற தோழன் ஹார்த்ஸ்டோன், காது கேளாத எல்ஃப் எனும் மாய இனத்தவன். சைகை மொழியில் பேசுகிறான். ரூன் எழுத்துகளால் மந்திரம் செய்கிறான்.