எழுந்ததும் ஏன் கண் இருட்டுகிறது?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் சுருண்டு விழுபவர்களைப் பற்றிப் பேசும் நாம், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் கூரைக்கடியில் உட்கார்ந்தே பட்டாசு செய்யும் பெண்களின் கிறுகிறுப்பையும் பேச வேண்டும். "எனக்கு லோ பிரஷர்" என்று சொல்லி அதோடு வாழப் பழகிவிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கையில் கருவி 90/60 காட்டுவது மட்டுமே நோயாகிவிடாது; அந்த அளவோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. எழுந்து நின்றதும் அழுத்தம் எவ்வளவு சரிகிறது என்பதையே பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவம் அதைக் கோளாறாகக் கொள்கிறது.

நின்றவுடன் அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மாடியில் தண்ணீர் நூலாக ஒழுகுமே, அதுதான் நடக்கிறது. மூளை மாடிவீடு. இங்கே குழாய்களும் ரப்பர்போல விரிபவை என்பதால், இறங்கிய நீர் கீழேயே உப்பிக்கொண்டு நிற்கும். ஆனால் மாடிக்குப் போகும் குழாயிலேயே ஒரு காவல் இருக்கிறது: கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள நரம்பு முனைகள். குழாய்ச் சுவரின் இழுவிசை சற்றே தளர்ந்தாலும் அவை மூளைத்தண்டுக்குச் சேதி சொல்லிவிடும். ஓரிரு துடிப்புக்குள் இதயம் என்னும் மோட்டார் வேகமெடுக்கும். சில நொடிகளில் கீழ்வீட்டுக் குழாய்கள் இறுகும். நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை, கீழ்வீட்டுக்காரர் வாளியில் மொண்டு கொடுப்பதுபோல, அடிக்கு அடி ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளும். தொட்டியிலேயே நீர் இல்லையென்றால், அதாவது உடலில் நீர் வற்றியிருந்தால் மட்டும், மோட்டார் எவ்வளவு ஓடியும் பயனில்லை. நாம் அறியாமலே நாள்தோறும் பலமுறை இவ்வளவும் நடந்து முடிவது தீராத வியப்பு. இந்தக் கழுத்துக் காவலை உடலியல் அறிஞர் ஹெரிங் 1920களில் விளக்கினார்.

சரம் பின்னுவதும் திரி செருகுவதும் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகள். பீஸ் கணக்கில் கூலி என்பதால் எழுந்தால் காசு குறையும். மணிக்கணக்கில் கெண்டைக்கால் அசைவதில்லை. குத்தவைத்திருந்து எழுந்தால் சரிவு இன்னும் கூடும். அதுவரை நெருக்குண்டிருந்த கால் தசைகளுக்குள் ரத்தம் ஒரேயடியாகப் பாயும். வெடிமருந்து இருக்கும் அறையில் மின்விசிறிக்கு வழியில்லை. வெக்கையில் தோலின் நாளங்கள் விரிய, வியர்வையில் உடலின் நீர் வற்றுகிறது. இதோடு ரத்தசோகையும் சேர்ந்தால் அதே சரிவு கடுமையாக உறைக்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உண்டு. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழகம் 2021இல் சட்டமாக்கியது. பட்டாசுத் தொழிலாளிக்கு வேண்டியது எழுந்து நடக்கும் உரிமை.

இந்தக் கிறுகிறுப்புக்கு வெடிமருந்து நெடிதான் காரணம் என்பார்கள். டைனமைட் ஆலைகளில் நைட்ரோகிளிசரின் ரத்தநாளங்களை விரித்துத் தொழிலாளர்களுக்குத் தலைவலி தந்தது உண்மை. ஆனால் சிவகாசியில் புழங்கும் வெடியுப்பு வேறு பொருள். அதன்மீது பழியைப் போட்டால் கண்ணெதிரே இருக்கும் வெக்கையும் தாகமும் தப்பித்துவிடும். படுக்கையில் புரண்டாலே அறை சுழல்கிறதென்றால் அது பெரும்பாலும் காதின் கோளாறு. அதற்கு வைத்தியம் வேறு. பிரஷரை ஏற்றும் என்று விற்கும் டானிக்குகளை நம்புவதைவிட, எழுமுன் கெண்டைக்காலைப் பலமுறை இறுக்கித் தளர்த்துவதும், நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் மேல். உப்பைக் கூட்டலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ இருப்பவருக்கு அது ஆபத்து. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் தானாக அதை நிறுத்தவும் கூடாது. மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உராய்வே விபத்தாகும் அறையில் ஒரு தடுமாற்றம் சின்ன விஷயமல்ல. ஆலைகளில் மருத்துவ முகாம் நடத்துபவர்கள் தொழிலாளியை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.