கொள்ளைநோயும் பயணச்சீட்டும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை செல்லும் மின்சார ரயில் பாதையை அறியாத மாணவர் நம் நகரில் இரார். 1931-ஆம் ஆண்டில் மீட்டர் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கிய நாள் முதல், தென்சென்னைப் புறநகர்களிற் பெரும்பாலானவை அப்பாதையை ஒட்டியே வளர்ந்தன. பல்லாவரத்தில் குடியிருந்து பாரிமுனையில் வேலை பார்ப்பதும், சேலையூரில் வீடு கட்டிக்கொண்டு எழும்பூருக்குப் போய் வருவதும் அவ்வண்டியால் இயன்றவை. அந்தப் பாதையில் உள்ள இரண்டு நிலையங்களின்மீது முதலில் உங்கள் கருத்தைச் செலுத்த விரும்புகிறேன்.

ஒன்று கிண்டி. அங்கேதான் கிங் ஆய்வு நிலையம் இருக்கிறது. ஒரு காலத்தில் மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் தயாரித்து அனுப்பிய இடம் அது. 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கொரோனாச் சோதனை நடைபெற்ற கூடமும் அதுவே. மற்றொன்று தாம்பரம் சானடோரியம். அந்நிலையத்தில் இறங்கிக் கல்லூரிக்குச் செல்லும் இளைஞர்களிற் பலர் ‘சானடோரியம்’ என்பதை ஊர்ப்பெயர் என்றே எண்ணியிருக்கின்றனர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காக அங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். 1937-இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அந்நாளில் நல்ல காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சை. நகரத்தின் நெருக்கடிக்கு வெளியே, ஆனால் ரயிலுக்கு அருகே அமைந்த இடம் அதற்குப் பொருத்தமாயிற்று. 2020-இல் அதே மருத்துவமனை கொரோனா நோயாளிகளையும் ஏற்றது.

நோயாளியை நல்ல காற்றுக்குக் கொண்டு சென்றது ரயில். நோயை ஊர்விட்டு ஊர் கொண்டு சென்றதும் அந்த ரயிலே. இதனை நம் நாடு கண்கூடாகக் கண்டது பிளேக் காலத்தில்.

1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. அஞ்சிய மக்கள் ரயிலேறி ஓடினர். அவர்களோடு நோயும் ஓடியது. மறு ஆண்டே, 1897-இல், கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்றொரு முறை நடைமுறைக்கு வந்தது. நோய் பரவிய பகுதியிலிருந்து வருவோரை வழியில் இறக்கிச் சோதித்து, நோய்க்குறி இல்லாதவரிடம் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவர். அவர் தாம் போய்ச் சேர்ந்த ஊரில், குறித்த நாள்கள் வரை, அதிகாரியின் முன் சென்று தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளே இச்சோதனைகளின் பெரும் சுமையைத் தாங்கினர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தெற்கே, இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரை மண்டபத்தில் ஒரு முகாமில் தடுத்து வைத்துச் சோதித்த பின்னரே கடல் கடக்க விட்டனர். ‘மண்டபம் முகாம்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

ஆகவே, கொள்ளைநோய் வந்தால் பயணிக்கும் வண்டிக்கும் இடையே ஒரு தாள் வந்து நிற்கும் என்பது புதிய செய்தியன்று. அந்தத் தாள் கைப்பேசியாக மாறியதுதான் நம் காலத்துச் செய்தி. அந்த மாற்றத்தில் யார் வண்டி ஏறினர், யார் நடைமேடைக்கு வெளியே நின்றனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11-ஆம் நாள் கொரோனாவை உலகக் கொள்ளைநோய் என அறிவித்தது. அம்மாதம் 22-ஆம் நாளுக்குப்பின் நாடெங்கும் பயணி ரயில்கள் நின்றன. தாம்பரம் பாதையும் ஓய்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போதும் முற்றும் ஓயாத நம் ரயில் போக்குவரத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்கிருமிக்கு அடங்கி நின்றது. 1897-ஆம் ஆண்டுச் சட்டமே மீண்டும் எடுத்தாளப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல ‘இ-பாஸ்’ வேண்டும் என்றாயிற்று. திருமணம், இறப்பு, மருத்துவம் எனக் காரணம் காட்டி இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கைப்பேசிக்கு வரும். பரனூர் சுங்கச்சாவடியில் காவலர் அதனைப் பார்த்தே வண்டியை விட்டனர். இம்முறை 2020 ஆகஸ்டு இறுதிவரை நீடித்தது.

செப்டம்பர் முதல் நாள் சென்னையில் மாநகரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 7-ஆம் நாள் மெட்ரோ ரயில் ஓடியது. புறநகர் மின்சார ரயிலோ படிப்படியாகவே திறந்தது. அக்டோபர் 5 முதல் இன்றியமையாப் பணியாளர்க்கு மட்டும்; நவம்பர் 23 முதல் மகளிர்க்கு, நெரிசல் இல்லாத நேரங்களில்; டிசம்பர் 23 முதல் பொதுமக்கள் யாவர்க்கும், அதுவும் நெரிசல் நேரம் நீங்கலாக. ஏறத்தாழ ஒன்பது மாதங்கள்! கூட்டத்தைக் குறைக்க இது தக்க வழியே. மூடிய இடத்தில் பலர் நெருங்கி மூச்சுவிட்டால் நோய் பரவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தப் படிகளை ஒவ்வொருவரும் எவ்வாறு ஏறினர் என்று பாருங்கள். அரசு ஊழியரிடம் அடையாள அட்டை இருந்தது. மருத்துவமனைப் பணியாளரிடம் நிர்வாகத்தின் கடிதம் இருந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு வீட்டுவேலைக்கு வரும் ஓர் அம்மையாரிடம் இரண்டும் இல்லை. அக்டோபரில் ஒருநாள் அவர் என்னிடம், “யாராவது லெட்டர் எழுதிக் குடுத்தா ரயில்ல விடுவாங்களா ஐயா?” என்று கேட்டார். “உங்கள் வேலை அந்தப் பட்டியலில் இல்லையே அம்மா” என்றேன். “நாங்க வரலைன்னா அவங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறது மட்டும் அவசியமில்லையா?” என்றார் அவர். பிறகு மகளிர்க்கு வழி திறந்தபோதும், காலை ஏழு மணிமுதல் பத்துவரை நெரிசல் நேரம். அவருக்கு வேலையும் அந்நேரத்திலேதான். ரயிலில் ஐந்து ரூபாயே மிகக் குறைந்த கட்டணம்; இரண்டு பேருந்து மாறி வரும் செலவு அவருடைய நாட்கூலியில் ஒரு பங்கைத் தின்றது.

இனி, பயணச்சீட்டு கைப்பேசிக்குள் புகுந்த கதைக்கு வருவோம். அது கொரோனாவுக்கு முந்தியது. 2015 ஏப்ரல் மாதத்தில், தாள் இல்லாத முன்பதிவில்லாச் சீட்டு எழும்பூர்–தாம்பரம் பகுதியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தப் பெருமையைத் தாம்பரத்தார் பலரே அறியார். அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அறிவியல் மாணவர்கள் அதனை நோக்குதல் நலம்.

தாள்சீட்டை வாங்கச் சாளரத்துக்குப் போகவேண்டும். சாளரம் நிலையத்தின் வாயிலில் இருக்கிறது. ஆகவே சீட்டு வாங்கிய பின்னரே வண்டியேறுதல் இயல்பாக நிகழ்கிறது. கைப்பேசியில் அவ்வாறன்று. சீட்டில்லாமல் ஏறிவிட்டுப் பரிசோதகர் தலை தெரிந்தவுடன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஒரு நொடியில் சீட்டு வாங்கிவிடலாமே! இதனைத் தடுக்க ஒரு கண்காணா வேலி போட்டனர். கைப்பேசி விண்ணிலுள்ள செயற்கைக் கோள்களின் குறிகளைப் பெறுகிறது; ஒவ்வொரு குறியும் வந்துசேர எடுத்த காலத்தைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அவ்விடம் தண்டவாளத்துக்கு மிக அருகில் இருந்தால் செயலி சீட்டுத் தர மறுத்துவிடும். நேர்மையான பிரயாணியும் இதனால் சில சமயம் இடர்ப்பட்டார். வண்டி வந்துகொண்டிருக்க, அவர் கைப்பேசியை ஏந்திக்கொண்டு நிலையத்தை விட்டு வெளியே ஓடும் காட்சியை நான் கண்டதுண்டு. பின்னர் நிலையச் சுவரில் க்யூஆர் குறியை ஒட்டி, அதனைப் படம்பிடித்தால் உள்ளிருந்தே சீட்டுப் பெறலாம் என ஏற்பாடு செய்தனர்.

கொரோனாக் காலத்தில் இத்தகைய முறைகள் பன்மடங்கு பெருகின. காரணம் அச்சம். பிறர் தொட்ட நாணயத்தையும் நோட்டையும் தொட மக்கள் தயங்கினர். 2016-இலேயே தோன்றியிருந்த யூபிஐ பணமாற்று முறை காய்கறி வண்டிக்கும் ஆட்டோவுக்கும் வந்தது. இங்கே ஒரு விந்தை. தொட்ட பொருள்வழி இந்நோய் பரவுதல் மிக அரிது என்பதை அறிவியல் சிறிது காலத்திலேயே கண்டுகொண்டது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில், நோய்க்கிருமி படிந்த பரப்பைத் தொடுவதால் நோய் பற்றும் வாய்ப்புப் பொதுவாகப் 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என மதிப்பிட்டது. நோயின் பெருவழி காற்றே. அதாவது, நம் பழைய மின்சார வண்டியின் திறந்த கதவும் சாளரமும் செய்த நன்மை, நாணயத்தைத் தொடாமையால் கிட்டிய நன்மையைவிடப் பெரிது. காரணம் பொய்த்தது, பழக்கமோ நிலைத்துவிட்டது. வசதியாக இருந்தமையால் நிலைத்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது நோய்த்தடுப்பு என்று எவரேனும் இன்னும் கூறினால் நம்பாதீர்கள்.

2022 ஜனவரியில் கதை தலைகீழாகத் திரும்பியது. மூன்றாம் அலை எழுந்தபோது, அம்மாதம் 10-ஆம் நாள் முதல் இரண்டு தடுப்பூசியும் செலுத்திக்கொண்டவரே சென்னைப் புறநகர் ரயிலில் செல்லலாம் என விதித்தனர். சான்றிதழை மனிதர் பார்த்துச் சீட்டுத் தரவேண்டும். ஆகவே கைப்பேசிச் சீட்டு நிறுத்தப்பட்டது. மக்கள் மீண்டும் சாளரத்தின்முன் வரிசையில் நின்றனர். நெருக்கத்தைத் தவிர்க்க வந்த கருவியை நோயே மூட வைத்து, நெருக்கத்தில் நிறுத்தியது!

சீனாவில் இதற்கு மாறான வழி. அங்கே 2020 முதல் 2022 வரை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக்குறி தோன்றியது. பச்சையில்லையேல் அப்போது வண்டியேற இயலவில்லை. 2022 ஜூனில் செங்சௌ நகரில், வங்கிகளில் முடங்கிய தம் பணத்தைக் கேட்கச் சென்றோரின் குறிகள் திடீரெனச் சிவப்பாயின. அவர்களுக்கு நோய் இல்லை. பின்னர் அதற்குக் காரணமான அதிகாரிகள் தண்டிக்கப்பட்டனர் என்பது உண்மை. ஆயினும், நோயைத் தடுக்கப் போட்ட வேலி வேறெதற்கும் பயன்படக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது. பிளேக் பாஸ்போர்ட்டு தந்த அதிகாரி ஒரே நொடியில் ஆயிரம் பேருடைய தாளைச் செல்லாததாக்கியிருக்க முடியாது.

வேலைக்குச் செல்லும் பயணமும் மாறிற்று. பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி அலுவலகங்கள் வெறிச்சோடின. அங்கு உழைத்தோர் வீட்டிலிருந்தே உழைத்தனர். தாம்பரத்தில் 1984-இல் அமைந்த ஏற்றுமதி வளாகத்திலோ இருவகையினரும் உண்டு. கணினியில் எழுதுபவர் வேலையை வீட்டுக்குக் கொண்டு போனார். இயந்திரத்தில் பொருள் செய்பவர் எதனைக் கொண்டு போவார்?

கருவி எதையும் வேண்டாமல் பயணத்தை எளிதாக்கிய ஏற்பாடும் அந்நாளிலேயே வந்தது. 2021 மே 8 முதல், இரண்டாம் அலையின் நடுவில், தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாயினர். கைப்பேசி வேண்டா, விண்ணப்பம் வேண்டா, ஏறினால் நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துத் தருவார். முன்சொன்ன கூடுவாஞ்சேரி அம்மையாரின் அன்றாடச் செலவை உண்மையில் மாற்றியது இதுவே. அவர் இப்போது பெரும்பாலும் பேருந்தில்தான் வருகிறார்.

2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ என்னும் செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே குறியில் சீட்டுப் பெற வழிசெய்த முயற்சி அது. அவ்வாண்டு ஜூலையில் ரயில்வேயும் ‘ரயில்ஒன்’ என்ற செயலியை வெளியிட்டிருந்தது. தாம்பரத்தில் இறங்கிப் பேருந்து மாறி வேளச்சேரிப் பக்கம் செல்பவர்க்கு மூன்று வரிசையில் நிற்கும் தொல்லை இதனால் குறையும். நான் இவற்றை வரவேற்பவன். எனினும் தாள்சீட்டு எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு என்பதை மட்டுமே அறியும். வாங்கியவர் யார் என்று அறியாது. கைப்பேசிச் சீட்டுக்கு உம் எண் தெரியும், நீர் ஏறும் வேளை தெரியும். தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் அதனை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மற்றொரு செய்தி. புறநகர் நிலையங்களில் தானே சீட்டு வழங்கும் இயந்திரங்களை வைத்தபோது, ஆள் வேண்டாத ஏற்பாடு என்றே கருதப்பட்டது. அட்டையும் திரையும் பழகாத பிரயாணிகள் அவற்றை நெருங்கவில்லை. பிறகு ரயில்வே நிர்வாகம் ஓய்வுபெற்ற தன் ஊழியர்களை அவ்வியந்திரங்களின் அருகே அமர்த்தியது. பயணி ஊர்ப்பெயரைச் சொல்லிக் காசைக் கொடுக்கிறார். பெரியவர் தம் அட்டையை வைத்துத் திரையைத் தொட்டுச் சீட்டை எடுத்துத் தருகிறார். அதற்கு அவருக்குச் சிறு தரகும் உண்டு. காலை எட்டு மணிக்குச் சென்றால், இயந்திரத்தின்முன் நிற்கும் வரிசை பெரும்பாலும் அந்தப் பெரியவருடைய வரிசையே.