உங்களுக்குத் தெரியுமா? காசநோய் மருந்து காட்டிய வழி

1952-ல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து வாய்விட்டுச் சிரித்தார்கள், வார்டிலேயே ஆடினார்கள். செரட்டோனின் போன்ற மூளை ரசாயனங்களைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து தடுப்பது தெரியவந்தது. மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகளில் ஒன்றாக அது மாறியது. கல்லீரலைப் பாதித்ததால் பிறகு கைவிடப்பட்டது.

1976-ல் ஸ்வீடனின் மேரி ஆஸ்பெர்க் குழு, மனச்சோர்வு கண்ட 68 பேரின் தண்டுவட நீரைச் சோதித்தது. செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள் குறைவாக இருந்தவர்களிடம் தற்கொலை முயற்சிகள் கூடுதலாக இருந்தன. நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் கடும் மனச்சோர்வு உள்ள பலருக்கு உயர்ந்திருக்கிறது.

ஆனால் செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்று முடிவுகட்ட ஆதாரம் போதாது. மரபு, இழப்பு, கடன், தனிமை எல்லாமே இதில் சேர்கின்றன. அதனால் யாருடைய தற்கொலை ஆபத்தையும் ரத்தப் பரிசோதனையால் கணித்துவிட முடியாது. உட்கார்ந்து பேசித்தான் அறிய வேண்டும்.

மனச்சோர்வு மனவலிமை இல்லாதவர்களின் நோயல்ல, சிகிச்சை உண்டு. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ வாழ்க்கை வெறுத்துப்போனால், இந்திய அரசின் இலவச டெலி மனாஸ் எண் 14416-ஐ உடனே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.