மலையடிவாரத்துக்கு வரும் கடல் பவுடர்

பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் முழங்காலைப் பிடித்தபடி நடப்பவர்களைப் பார்க்கலாம். கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் பலருக்கு வெறுங்காலில். வலி தீர என்ன செய்யலாம் என்று போனில் தேடினால் உடனே விளம்பரம் வந்து நிற்கிறது: ‘மரைன் கொலாஜன் பெப்டைடு’, மூட்டுக்கு நல்லது, தோலுக்கு நல்லது, தினம் ஒரு ஸ்பூன். கடலுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குள் கடல் இப்படி டப்பாவில் வருகிறது. இதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு விளம்பரம்?

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான மாலை. அதை அறுத்தால் கிடைக்கும் சிறு துண்டுதான் பெப்டைடு. இரண்டே மணி கோத்ததும் உண்டு, முப்பது நாற்பது கோத்ததும் உண்டு. மீன் தோலிலும் செதிலிலும் உள்ள கொலாஜனை நொதி கொண்டு துண்டாக்கினால் மேலே சொன்ன பவுடர் தயார். ஆனால் கடல் பெப்டைடுகளின் பெருமை இந்தப் பவுடரால் வந்ததல்ல.

அது நத்தையால் வந்தது. மன்னார் வளைகுடாவில் கூம்பு நத்தைகள் பல வகை உண்டு. ராமேஸ்வரம் சங்குக் கடைகளில் அவற்றின் ஓட்டை அழகுக்காக வாங்கிப் போகிறோம். உயிரோடு இருக்கும்போது அது வேட்டைக்காரன். ஈட்டி போன்ற ஒரு பல்லை எய்து, மீனையோ புழுவையோ வேறு நத்தையையோ நஞ்சால் அசையவிடாமல் செய்துவிடும். ஓர் இனத்தின் நஞ்சிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பெப்டைடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் நரம்பின் ஏதோ ஒரு வாசலைக் குறிவைப்பது. மீன்களை மயக்கத் தண்ணீரில் இன்சுலினையே கலந்துவிடும் இனமும் இருக்கிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். நம் தென்கிழக்குக் கடற்கரை நத்தைகளின் நஞ்சைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணன் ஆகியோரின் குழுக்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கின்றன.

பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமேரோ ஒலிவெராவின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் கிடைத்த ஒரு நத்தைப் பெப்டைடின் செயற்கை நகல்தான் சிக்கோனோடைடு. 25 அமினோ அமிலங்கள் கொண்டது. நரம்பில் கால்சியம் புகும் ஒரு வழியை அடைத்து, வலிச் செய்தி மேலே போகாமல் தடுக்கிறது. மார்ஃபின் போலப் பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டியதில்லை. அமெரிக்கா 2004 டிசம்பரில் அனுமதித்தது. ஆனால் இதை விழுங்க முடியாது, வயிறு செரித்துவிடும். பம்ப் வைத்துத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். மனக்குழப்பம், மாயத்தோற்றம் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. வேறெதற்கும் அடங்காத கடும் வலிக்கு மட்டுமே இது. கிரிவலக் கால்வலிக்கு அல்ல.

புற்றுநோய்ப் பக்கமும் கதை இதேதான். இந்தியப் பெருங்கடலின் கடல்முயல் என்ற உயிரினத்திலிருந்து வேதியியலாளர் ஜார்ஜ் பெட்டிட் பிரித்தெடுத்த டோலாஸ்டாடின் 10 என்ற பெப்டைடு நேரடியாகக் கொடுக்க முடியாத அளவு நச்சு. அதன் செயற்கை உறவினனை ஓர் எதிர்ப்புப்புரதத்தோடு இணைத்த பிறகே 2011இல் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கு மருந்தானது. இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். ரமண மகரிஷியின் இடது கையில் வந்தது சார்கோமா என்ற புற்றுநோய். 1949இல் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன, ரேடியமும் வைத்தார்கள். அன்று கையில் இருந்தவை அவைதான். இன்று சில வகைச் சார்கோமாக்களுக்குத் தரும் டிராபெக்டெடின், பாறையிலும் வேரிலும் ஒட்டி வாழும் ஒரு கரீபியக் கடலுயிரியிடமிருந்து வந்தது. பெப்டைடு என்று கறாராகச் சொல்ல முடியாது, நெருங்கிய சொந்தம்.

சரி, டப்பாவுக்கு வருவோம். விழுங்கும் பெப்டைடு எல்லாமே வீண் என்பதும் சரியல்ல. இரண்டு மூன்று மணி கோத்த குட்டித் துண்டுகள் சில, செரிமானத்துக்குத் தப்பி ரத்தத்தில் சேர்கின்றன. மத்தி மீனின் வாலைன்-டைரோசின் என்ற ஜோடி, ரத்தக்குழாயைச் சுருக்கும் ஏசிஇ நொதியைத் தடுக்கும். ஜப்பானில் இதை உணவாகவே விற்கிறார்கள். என்னாலபிரில், ராமிப்ரில் மாத்திரைகள் தடுப்பதும் அதே நொதியைத்தான், பல மடங்கு வலுவாக. பெப்டைடு குடிக்கிறேன் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து.

கொலாஜனைப் பொறுத்தவரை, மூட்டுக்கு நன்மை என்ற வாசகத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் சொன்னது. அதன்பின் வந்த சில சிறு ஆய்வுகள் வலி கொஞ்சம் குறைவதாகக் காட்டுகின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் தந்தது விற்கும் நிறுவனங்களே என்பதால் நான் இன்னும் நம்பத் தயாரில்லை. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எந்தப் புரதப் பவுடரும் கூடாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் டப்பாவின் மூலையைப் பார்க்கட்டும். பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அது அசைவம். இயற்கைக் கொலாஜன் செடியில் கிடையாது. ‘வீகன் கொலாஜன்’ என்று பச்சைப் புள்ளியோடு வருவதில் பெரும்பாலும் இருப்பது வைட்டமின் சி-யும் சில அமினோ அமிலங்களும்தான். வைட்டமின் சி-க்கு ஒரு நெல்லிக்காய் போதும்.