காஞ்சி நகரில் கிறிஸ்தவப் பயணி

நம் பங்குகளில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், பலர் முதலில் புறப்படுவது காஞ்சிபுரத்துக்குத்தான். சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். காலையில் வேனில் போய், பட்டெடுத்து, மாலையில் திரும்பிவிடுகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கானோர் புனிதமாகப் போற்றிவரும் நகருக்குப் போய்வந்தோம் என்ற எண்ணம் நமக்கு அதிகம் எழுவதில்லை. எழுந்தாலும் ஒரு தயக்கம் கூடவே வருகிறது. அந்தக் கோயில்களுக்குள் நாம் போகலாமா? போனால் நம் விசுவாசத்துக்குப் பழுது வராதா? செங்கல்பட்டு மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே இருக்கும் இந்நகரை முன்வைத்து இதைச் சற்றுச் சிந்திப்போம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரத்தில் புனித பவுல் ஏதென்சு நகருக்குள் நுழைகிறார். நகரெங்கும் சிலைகளைக் கண்டு அவர் உள்ளம் கலங்குகிறது. ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தெருத்தெருவாக நடந்து அம்மக்களின் வழிபாட்டிடங்களைக் கவனித்துப் பார்க்கிறார். பிறகு பேசும்போது அவர்களை இகழவில்லை. அவர்களுடைய இறைத்தேடலிலிருந்தே தம் உரையைத் தொடங்குகிறார். அவர்களுடைய கவிஞர்களையும் துணைக்கு அழைக்கிறார். உறுதியான விசுவாசமும் மரியாதையான பார்வையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கையில் இவ்வழியையே காட்டியது. அச்சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்கச் சொன்னது. கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையையும் அதே இடத்தில் நினைவூட்டியது. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பிற சமயத் தலைவர்களைச் சந்தித்து உரையாடியது இந்த மனநிலையில்தான்.

ஆகவே காஞ்சிக்குப் போகிறவர்கள் கடைத்தெருவோடு நின்றுவிட வேண்டாம். நகரின் மேற்கே பல்லவ மன்னன் இராசசிம்மன் ஏறக்குறைய கி.பி. 700இல் எழுப்பிய கைலாசநாதர் கோயில் இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறே சிற்பமாக நிற்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய கோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. வரதராசப் பெருமாள் கோயிலில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்திவரதரை வெளியே எடுத்து வைக்கிறார்கள்; 2019இல் 48 நாட்கள் நடந்த அவ்விழாவில் நாடே திரண்டது. திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங் இங்கே பல பௌத்த மடங்களைக் கண்டதாக எழுதி வைத்தார். பல சமயங்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்த ஊர் இது.

அங்கே நாம் எப்படி நடந்துகொள்வது? நம் ஆலயத்தில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படியே. செருப்பை வெளியே விடுவோம். வழிபடுவோரைப் படமெடுக்காமல் இருப்போம். கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டுமே போகலாம் என்று பலகை இருந்தால், மனம் கோணாமல் அங்கேயே நிற்போம். நற்கருணை வாங்க எல்லாரையும் நாமும் அழைப்பதில்லையே! பார்ப்பது வேறு, வழிபடுவது வேறு. அர்ச்சனைக்குத் தட்டு வாங்குவதும் ஆராதனையில் பங்கெடுப்பதும் நமக்கு உரியவை அல்ல. பிரசாதம் பற்றிய கேள்விக்கு, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களைப் படிப்பது நல்லது. ஆண்டவரின் பந்திக்கு உண்மையாய் இருப்பதும், பிறர் மனச்சான்று இடறாமல் பார்ப்பதும் அங்கே பவுல் தரும் அளவுகோல்கள். ஏற்க முடியாதபோதும் நீட்டிய கையைத் தட்டிவிடாமல் கைகூப்பி அன்போடு விலகலாம். மற்றபடி மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த காஞ்சிபுரம் இட்லியை ஓட்டலில் சாப்பிட எந்தத் தயக்கமும் தேவையில்லை.

பவுலின் பயணம் ஏதென்சோடு முடியவில்லை. அடுத்த அதிகாரத்தில் கொரிந்துக்குப் போய், கூடாரம் செய்யும் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அவர்களோடு கைவேலை செய்கிறார். காஞ்சியிலும் நாம் கோபுரத்திலிருந்து தறிக்குப் போக வேண்டும். கைலாசநாதர் கோயிலுக்கு அருகிலேயே நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையம் இருக்கிறது. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்கள் கொண்டு இணைத்து நெய்கிறார்கள். இதற்கு நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். ஒரு சேலைக்கு, வேலைப்பாட்டைப் பொறுத்துப் பல நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும்.

அந்த இன்னொருவர் ஒரு காலத்தில் பெரும்பாலும் சிறுவனோ சிறுமியோதான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்தார்கள். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்த முயற்சியால் பல பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். இன்றைய கவலை வேறு. விசைத்தறிச் சேலைகள் கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகின்றன. கூலி கட்டுப்படியாகாமல் நெசவாளர் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். வேலையாளின் கொடுக்கப்படாத கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாக்கோபு எச்சரிக்கிறார். உழைப்பவருக்கு நியாயமான கூலி என்பதைத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே திருச்சபையின் போதனையாக வலியுறுத்தினார்.

பட்டெடுக்கும்போது நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சில்க் மார்க் இருந்தால் அது தூய பட்டு என்று மட்டுமே பொருள். கைத்தறி என்று பொருளல்ல. 2006இல் தொடங்கப்பட்ட கைத்தறி முத்திரையையும் கேட்டுப் பார்ப்போம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் கோ-ஆப்டெக்ஸிலும் வாங்கலாம். இயன்றால் ஒரு தறிக்கூடத்துக்குப் போய், நெய்தவருக்கு ஒரு சேலைக்கு என்ன கூலி என்று விசாரிப்போம். அந்த விலையில் பேரம் பேச நமக்கு மனம் வராது.

நம் பங்குகள் பலவற்றில் தாலியோடு கூறைச் சேலையும் திருமணத் திருப்பலியில் மந்திரிக்கப்படுகிறது. அந்தச் சேலையை நெய்த கைகள் பெரும்பாலும் வேறு தெய்வத்தைக் கும்பிடும் கைகள். அன்று மணமக்களுக்காக மன்றாடும்போது, அந்த நெசவாளர் குடும்பத்துக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்துச் சொல்வோம்.